சிரிக்க வைத்தவருக்கு ஒரு குடம் தண்ணீர்

நகைச்சுவைக் கலைஞர்களின் மறைவுக்கு நாம் எப்படி அழுகிறோம்? அழுது முடித்தபிறகு என்ன செய்கிறோம்?

2021 ஏப்ரல் 17, சனிக்கிழமை. விடிவதற்குள் நடிகர் விவேக் மறைந்த செய்தி வந்துவிட்டது. எழுந்ததும் டி.வி.யைப் போட்டவர்களுக்கு ஒரு விசித்திரமான காட்சி. திரையின் ஒரு பாதியில் விருகம்பாக்கத்து வீட்டு வாசல், போலீஸ் தடுப்பு, முகக்கவசத்துக்கு மேலே சிவந்த கண்கள். மறுபாதியில் அதே மனிதர் ‘ரன்’ படத்தில் காக்கா பிரியாணியைத் தின்றுவிட்டுக் கரைந்துகொண்டிருக்கிறார். கீழே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று எழுத்து ஓடுகிறது. டீக்கடையில் கிளாஸோடு நின்றவர்கள் பழக்க தோஷத்தில் சிரித்தார்கள். சிரித்துவிட்டோம் என்று உறைத்ததும் பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அடங்கினார்கள்.

அன்று மாலை மேட்டுக்குப்பம் மயானத்துக்கு ஊர்வலம் போனது. கொரோனா இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்த நேரம். கூடாதீர்கள் என்று சொல்லியும் ஜனம் கூடியது. வந்தவர்களில் பலர் கையில் மாலை இல்லை. கருப்பு பாலித்தீன் பையில் மரக்கன்று இருந்தது. சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்து முடிவு வராத இடைவெளி. நடத்தை விதி அமலில் இருந்ததால், தேர்தல் ஆணையத்தின் அனுமதியைப் பெற்றுத்தான் அரசு காவல் துறை மரியாதை கொடுத்தது. துப்பாக்கிகள் முழங்கின. ஒரு காமெடியனுக்கு.

தலைவர் இறந்தால் கடையடைப்பு, கதாநாயகன் இறந்தால் மொட்டை என்று நம் ஊரில் துக்கத்துக்கு வகுத்த வழிகள் உண்டு. சிரிக்க வைத்தவன் போனால் என்ன செய்வது என்று மட்டும் தெரிவதில்லை. நினைத்தாலே சிரிப்பு வருகிற ஆளை நினைத்து அழுவது சுலபமான வேலையா? விவேக் விஷயத்தில் ஜனங்களே ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். அந்த வழி எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. நவம்பர் 19 அவருடைய பிறந்த நாள் என்பதும், அது மழைக்காலத்தில் வருகிறது என்பதும் இதை இப்போது எழுதக் காரணங்கள்.

மைக் ஒன்று, ஆள் ஒருவர்

ஸ்டாண்ட்-அப் காமெடி என்றால் இன்றைக்கு நம் மனதில் வருவது ஒரு கருப்பு டி-ஷர்ட் இளைஞர், பின்னால் செங்கல் சுவர், பேச்சில் பாதி இங்கிலீஷ். அந்தப் பெயர் இங்கே புழக்கத்துக்கு வரும் முன்பே வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. பட்டிமன்றம், மிமிக்ரி, கோயில் கொடை மேடை, கல்யாண மண்டபத்துக் கச்சேரிக்கு நடுவே பத்து நிமிஷம், அப்புறம் கேசட். விவேக் சினிமாவுக்கு வந்ததும் அந்தப் பக்கத்துக் கதவு வழியாகத்தான்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வணிகவியல் படித்துவிட்டு, தேர்வெழுதி, சென்னையில் தலைமைச் செயலக வேலைக்கு வந்தவர். பகலெல்லாம் கோப்பு, மாலையில் ஹ்யூமர் கிளப். அங்கே செட் கிடையாது, ஜோடி கிடையாது, ரீடேக் கிடையாது. எழுந்து நின்று பேச வேண்டும். சபை சிரித்தால் உண்டு; சிரிக்காவிட்டால் உட்கார வேண்டியதுதான். கிளப்பை நடத்திய பி.ஆர்.கோவிந்தராஜன் அவரை கே.பாலசந்தரிடம் அறிமுகப்படுத்த, 1987-ல் ‘மனதில் உறுதி வேண்டும்’.

அந்த நின்று பேசும் பழக்கம் கடைசிவரை விடவில்லை. அவருடைய ட்ராக்குகளைக் கவனித்தால் தெரியும்: அடிவாங்கிச் சிரிக்க வைப்பது குறைவு, பேசியே சிரிக்க வைப்பது அதிகம். எதிரில் இருப்பவர் கேட்க, இவர் அன்றைய செய்தித்தாளை மடித்து மடித்து அடிப்பார். லஞ்சம், போலிச் சாமியார், சாதி, வாஸ்து. எஞ்சினுக்குள் இருக்கும் அத்தனை உதிரிபாகத்தாலும் ஓடாத லாரி, முன்னால் கட்டிய எலுமிச்சம்பழத்தால் ஓடிவிடுமா என்று ஒரு படத்தில் கேட்டார். பட்டிமன்றப் பேச்சாளர்கள் இன்னும் அதைத் தங்கள் சரக்கு போல எடுத்துவிடுகிறார்கள். ‘சின்னக் கலைவாணர்’ என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது இப்படித்தான்.

■ பெட்டிச் செய்தி: விவேக்

இயற்பெயர் விவேகானந்தன். பிறந்தது 1961 நவம்பர் 19. ‘ரன்’ (2002), ‘சாமி’ (2003), ‘பேரழகன்’ (2004) படங்களுக்குச் சிறந்த நகைச்சுவை நடிகருக்கான ஃபிலிம்ஃபேர் விருது. 2009-ல் பத்மஸ்ரீ. 2015 அக்டோபரில் 13 வயது மகனை நோய்க்குப் பறிகொடுத்தார். 2021 ஏப்ரல் 17 அதிகாலை மறைந்தபோது வயது 59. மனைவியின் கோரிக்கையை ஏற்று, அவர் வாழ்ந்த விருகம்பாக்கம் பத்மாவதி நகர் பிரதான சாலைக்கு ‘சின்னக் கலைவாணர் விவேக் சாலை’ என்று 2022 மே மாதம் தமிழக அரசு பெயர் சூட்டியது.

அவருக்கு பத்மஸ்ரீ அறிவிப்பு வந்த 2009 ஜனவரியின் கடைசி நாளில் நாகேஷ் காலமானார். ‘நம்மவர்’ படத்துக்காக தேசிய விருது வாங்கிய நாகேஷுக்குக் கடைசிவரை எந்தப் பத்ம விருதும் கிடைக்கவில்லை.

ஊசியும் வதந்தியும்

ஏப்ரல் 15, வியாழக்கிழமை. ஓமந்தூரார் வளாகத்து அரசு மருத்துவமனைக்குப் போய் கோவேக்சின் போட்டுக்கொண்டார் விவேக். வசதியுள்ளவர்கள் தனியார் மருத்துவமனைகளில் வரிசையில்லாமல் ஊசி போட்டுக்கொண்டிருந்த நேரம். சாதாரண ஜனம் வந்து போகும் இடத்தில் தானும் போட்டுக்கொண்டால் தயங்குகிறவர்களுக்குத் தைரியம் வரும் என்பது அவர் கணக்கு. வெளியே நின்ற நிருபர்களிடமும் அதையே சொன்னார். ஊசி போட்ட பிறகும் முகக்கவசத்தைக் கழற்றாதீர்கள் என்றார்.

மறுநாள் காலை வீட்டில் சுருண்டு விழுந்தார். வடபழனியில் உள்ள தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இதயத்தின் இடப்பக்கத்து முக்கிய ரத்தக்குழாயில் நூறு சதவீத அடைப்பு. ஆஞ்சியோபிளாஸ்டி செய்து, எக்மோ கருவியில் வைத்தும், அடுத்த நாள் அதிகாலை 4.35-க்கு உயிர் பிரிந்தது.

ஊசி போட்டார், மறுநாள் விழுந்தார். வாட்ஸ்அப்புக்கு இந்த இரண்டு வரி போதாதா? அவர் உயிரோடு மருத்துவமனையில் இருக்கும்போதே வதந்தி ஊரைச் சுற்றிவிட்டது. சுகாதாரத் துறைச் செயலர் ஜெ.ராதாகிருஷ்ணனும் மருத்துவர்களும் நிருபர்களைக் கூப்பிட்டு, இந்த அடைப்பு ஒரே நாளில் வருவதல்ல என்று விளக்கினார்கள். யார் கேட்டார்கள்? மருத்துவமனை வாசலிலேயே தடுப்பூசிக்கு எதிராகப் பொங்கிய ஒரு நடிகர்மீது வழக்குப் பாய்ந்தது. தடுப்பூசி வாங்க 2 லட்சம் ரூபாய் கட்டு என்ற நிபந்தனையோடுதான் உயர் நீதிமன்றம் அவருக்கு முன்ஜாமீன் கொடுத்தது. தேசிய மனித உரிமை ஆணையம்வரை புகார் போனது. ஊசிக்கும் இந்த மரணத்துக்கும் தொடர்பில்லை என்ற மத்திய அரசின் ஆய்வு முடிவு வெளியானது அக்டோபரில். அதற்குள் இரண்டாம் அலையே வந்து, வாரிக்கொண்டு, போய்விட்டது.

இருபது வருஷம் மூடநம்பிக்கையைக் கிண்டலடித்தவரின் சாவே ஒரு மூடநம்பிக்கைக்குத் தீனியானது என்று அப்போதே பலர் எழுதினார்கள். உண்மைதான். ஆனால் அந்த வதந்தியைப் பரப்பியவர்கள் எல்லோரையும் விஷமிகள் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. முந்தின நாள் டி.வி.யில் சிரித்துக்கொண்டு நின்ற மனிதர், வியாதி என்று வெளியே யாருக்கும் தெரியாத மனிதர், சட்டென்று இல்லை என்றால் யாரையாவது நொந்துகொள்ளத் தோன்றும். கையில் கிடைத்தது ஊசி. இந்தக் களேபரத்தில் பேச வேண்டிய விஷயம் பேசப்படாமலேயே போயிற்று. 59 வயதில், ஒரு ரத்தக்குழாய் முழுக்க அடைபடும்வரை உடம்பு காட்டிக்கொடுக்காமல் இருக்கும் என்பதுதான் அந்த விஷயம். அந்த வாரம் நம்மில் எத்தனை பேர் ஊசியைப் பற்றிச் சண்டை போட்டோம், எத்தனை பேர் இ.சி.ஜி. எடுக்கப் போனோம்?

அதன்பிறகு கூட்டமில்லை

விவேக்கின் ஊர்வலம், அந்த வருஷம் திரையுலகம் ஜனங்களோடு சேர்ந்து அழ முடிந்த கடைசிச் சந்தர்ப்பங்களில் ஒன்று. மூன்று நாளில் இரவு ஊரடங்கு வந்தது. மே 10 முதல் முழு ஊரடங்கு. மே 6-ல் பாண்டு கொரோனாவால் போனார். ஒரு பக்கம் காமெடி நடிகர், இன்னொரு பக்கம் தேர்ந்த ஓவியர், அ.தி.மு.க. கொடியை வடிவமைத்தவர் என்று சொல்லப்படுபவர். மே 11-ல் நெல்லை சிவா. கிணற்றைக் காணோம் என்று வடிவேலு கொடுக்கும் புகாரை வாங்கிக்கொண்டு தவிக்கும் அந்த இன்ஸ்பெக்டர்தான். ஊரே மனப்பாடமாக வைத்திருக்கும் காட்சி, ஆனால் அந்த ஆளுக்கு ஊர் போய் நிற்க முடியவில்லை. இவர்களுக்கெல்லாம் அஞ்சலி செலுத்தியது மீம் பேஜ்கள்தான். சிலர் அதைக் கேவலம் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வாசலுக்குப் போக வழியில்லாதபோது, அவர் நடித்த பத்து விநாடியைத் தேடியெடுத்து நண்பனுக்கு அனுப்புவதும் துக்கம் விசாரிப்பதுதான்.

செத்தும் கொடுத்தார்

எழுத்தாளன் போனால் புத்தகம் நிற்கும். காமெடியனுக்குப் போவதற்கும் திரும்பி வருவதற்கும் நடுவே மரியாதையான இடைவெளிகூடக் கிடைப்பதில்லை. அன்று இரவே ஏதோ ஒரு சேனலில் வந்து நிற்பார். விவேக் அதிலும் ஒருபடி மேலே போனார்.

அவர் இருக்கும்போது கடைசியாக வந்த படம் ‘தாராள பிரபு’. 2020 மார்ச் 13-ல் வெளியாகி, நாலே நாளில் தியேட்டர்களுக்குப் பூட்டு விழுந்தது. நல்ல வேடம், நாயகனை விரட்டி விரட்டிச் சம்மதிக்க வைக்கும் டாக்டர். பெரிய திரையில் அவரைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். அதன்பிறகு வந்ததெல்லாம் அவர் போன பின். 2021 ஆகஸ்ட் 27-ல் அமேசான் பிரைமில் ‘எல்.ஓ.எல்: எங்க சிரி பாப்போம்’. பத்து நகைச்சுவைக் கலைஞர்கள் ஒரே வீட்டில் ஆறு மணி நேரம், சிரித்தவர் வெளியே. போட்டியாளர்களில் ஸ்டாண்ட்-அப் மேடையிலிருந்து வந்த இளம் முகங்களும் உண்டு. யார் சிரித்தார்கள் என்று திரையில் உட்கார்ந்து கண்காணிப்பவர்கள் இருவர்: மிர்ச்சி சிவா, விவேக். நாலு மாதம் முன்பு நாம் அழுத மனிதர், சிரிக்காதே என்று அடுத்த தலைமுறையை மிரட்டிக்கொண்டிருக்கிறார். இதைவிடப் பெரிய ஜோக்கை அவரே எழுதியிருக்க மாட்டார்.

அக்டோபரில் ‘அரண்மனை 3’. 2024 ஜூலை 12-ல் ‘இந்தியன் 2’. முப்பது வருஷத்துக்கு மேல் சினிமாவில் இருந்தும் கமல்ஹாசனோடு ஒரு படம்கூட நடிக்காதவர், அந்தக் குறை தீர்ந்த படத்தைப் பார்க்க இல்லை.

இந்த இடத்தில் செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஒரு வார்த்தை. மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் குடும்பத்தாரின் அனுமதியோடு, சம்பளமும் கொடுத்து, ‘லால் சலாம்’ பாடலில் வரவழைத்தார் ஏ.ஆர்.ரஹ்மான். ‘கோட்’ படத்தில் மறைந்த விஜயகாந்த் வந்தார். நாளை யாராவது விவேக்கையும் எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்தலாம். முகம் வரும், குரல் வரும், அந்த இழுவைகூட வரும். ஆனால் அவர் பிழைப்பே இன்றைய செய்தித்தாளில் இருந்தது. 2021-க்குப் பிறகு நடந்த எதுவும் தெரியாத ஒருவரை நிறுத்திவைத்து, யாரோ எழுதிய அரசியல் கேலியை அவர் வாயில் திணித்தால், அதற்கு உதையும் சேர்த்து வாங்கப்போவது யார்? பதில் சொல்ல அவர் இருக்க மாட்டார். பாடகரின் குரலைக் கொண்டுவருவதும், கருத்துச் சொல்லியே வாழ்ந்தவரின் வாயைக் கொண்டுவருவதும் ஒன்றல்ல.

பூசி மெழுக வேண்டாம்

அஞ்சலிக் கட்டுரைகளில் எல்லோரும் உத்தமர்களாகிவிடுகிறார்கள். விவேக்கின் சரக்கு எல்லாமே சமூகக் கருத்து இல்லை. இரட்டை அர்த்தம் நிறைய உண்டு. ‘சிவாஜி’ படத்தில் அங்கவை, சங்கவை என்று இரண்டு பெண்களுக்குக் கருப்பு மை பூசி நிறுத்தி, அவர்களைக் கண்டு ஓடுவதைக் காமெடி என்றார்களே, அந்தக் கோஷ்டியில் அவரும் இருந்தார். 2007-ல் தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது, நானும் சிரித்தேன். பாரி மகளிரின் பெயரை எடுத்து, நம் வீட்டுப் பெண்களின் நிறத்தைக் கேலி செய்த காட்சி அது. இன்றைக்கு என் உறவுக்காரப் பெண் ஒருத்தி அந்தக் காட்சி வந்தாலே ரிமோட்டைத் தேடுகிறாள். பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் அவளுக்கு அதுதான் பட்டப்பெயர்.

இதைச் சொல்வதால் அவர் சிறுத்துவிட மாட்டார். நின்று பேசுகிற கலையில் அன்றைய சபைக்கு எது சிரிப்போ அது வரும். சபை வளர்ந்தால் சில ஜோக்குகள் செத்துப்போகும். லாரி எலுமிச்சம்பழம் பிழைத்துக் கிடக்கிறது, அங்கவை சங்கவை அழுகிவிட்டது. இரண்டையும் சேர்த்து நினைவு வைத்துக்கொள்வதுதான் நேர்மை.

ஆடிக்கொண்டே வழியனுப்பியவர்

விவேக்குக்குப் பின் மேடையிலிருந்து வந்த இன்னும் இரண்டு பேரை இழந்திருக்கிறோம். இருவருடைய வழியனுப்புதலும் வேறு மாதிரி.

மயில்சாமியை சினிமாவுக்கு முன்பே காதால் தெரியும். லட்சுமணனோடு சேர்ந்து அவர் கொடுத்த ‘சிரிப்போ சிரிப்பு’ கேசட் ஓடாத டூரிஸ்ட் பஸ் அந்தக் காலத்தில் இல்லை. எம்.ஜி.ஆர். பக்தர், பையில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார் என்று சாலிகிராமத்தில் இப்போதும் பேசிக்கொள்கிறார்கள். 2023 மகா சிவராத்திரி இரவு முழுவதும் கேளம்பாக்கம் சிவன் கோயிலில் கண்விழித்துவிட்டு, பிப்ரவரி 19 விடியலில் மாரடைப்பால் போனார். அஞ்சலி செலுத்த வந்த ரஜினிகாந்த், அந்தக் கோயில் லிங்கத்துக்குத் தன் கையால் பாலபிஷேகம் செய்ய வேண்டும் என்பது மயில்சாமியின் ஆசை என்றும், அதை நிறைவேற்றுவேன் என்றும் வாசலில் நின்று சொன்னார். சிரிக்க வைத்தவருக்காக நேர்ந்துகொண்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

ரோபோ சங்கர் 2025 செப்டம்பர் 18-ல் 46 வயதில் மறைந்தார். உடம்பெல்லாம் பெயின்ட் அடித்துக்கொண்டு ஊர்த் திருவிழா மேடைகளில் இயந்திர மனிதன்போல ஆடியதால் வந்த பெயர். அங்கிருந்து ‘கலக்கப்போவது யாரு’, அங்கிருந்து சினிமா. இறுதி ஊர்வலத்தில் அவர் மனைவி ஆடினார். அழுதுகொண்டே ஆடினார். அவரும் மேடைக் கலைஞர்தான். அந்த வீடியோ பரவியதும் ஆரம்பித்தது பஞ்சாயத்து: புருஷன் பிணத்துக்கு முன்னால் ஒரு பெண் ஆடலாமா?

கேட்டவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று தெரியவில்லை. பறையும் தப்பும் இல்லாமல், ஆட்டம் இல்லாமல் நல்ல சாவு போன தெரு தமிழ்நாட்டில் ஏது? பாடைக்கு முன்னால் ஆண்கள் ஆடினால் அது வழக்கம். அதே ஆட்டத்தை, அந்தக் கலையாலேயே அவரோடு வாழ்ந்த பெண் ஆடினால் ஒழுக்கம் கெட்டுவிடுகிறதாம். இந்தக் கட்டுரைக்காக யோசித்த எல்லாச் சாவுகளிலும், போனவருக்குப் பொருத்தமான மரியாதை அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் இருந்திருந்தால் கைதட்டி, கூட ரெண்டு ஸ்டெப் போட்டிருப்பார்.

சிலை, சாலை, மரம்

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1957-ல் மறைந்தார். பன்னிரண்டு வருஷம் கழித்து 1969 பொங்கல் நேரத்தில், புற்றுநோயின் பிடியில் இருந்த முதல்வர் அண்ணா எழுந்து வந்து தி.நகரில் அவர் சிலையைத் திறந்தார். அடுத்த மாதமே அண்ணாவும் இல்லை. கலைவாணர் பெயரில் அரங்கம் இருக்கிறது. நகைச்சுவை நடிகர் சந்திரபாபு 1974-ல் 46 வயதில், கையில் காசில்லாமல் போனார். அவருக்கென்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. விவேக்குக்குச் சாலை கிடைத்திருக்கிறது. ஆனால் அரசாங்கம் தந்ததைவிடப் பெரியது ஜனங்கள் எடுத்துக்கொண்ட வேலை.

அப்துல் கலாம் தூண்டி, ‘கிரீன் கலாம்’ என்று ஆரம்பித்தார் விவேக். இலக்கு ஒரு கோடி மரம். அவர் மறையும்போது கணக்கு சுமார் 33 லட்சத்தில் நின்றது. மிச்சத்தை நாம் முடிப்போம் என்று கல்லூரிகள், ரசிகர் மன்றங்கள், நடிகர்கள், போலீஸ் ஸ்டேஷன்கள் எல்லாம் கிளம்பின. 2024-ல் அவர் மகள் திருமணத்துக்கு வந்தவர்கள் கையில்கூட மரக்கன்று கொடுத்து அனுப்பினார்கள். எங்கெங்கோ செத்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள், பூ வைக்கிறார்கள். நாம் குழி தோண்டிக் கன்று வைத்தோம். பெருமையான விஷயம்தான்.

சிக்கல் ஒன்றே ஒன்று. அவர் இறந்தது சித்திரையில்.

ஒவ்வொரு ஏப்ரல் 17-க்கும் கன்று நடுகிறார்கள். அக்னி நட்சத்திரம் பிறக்க இரண்டு வாரம்தான் இருக்கும். மண் பொரிந்து கிடக்கும். அடுத்த மழை எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஒரு கன்றைப் பத்துப் பேர் பிடித்துக்கொண்டு, கேமராவைப் பார்த்து, ஒரு மக் தண்ணீர் ஊற்றுகிறார்கள். சில இடங்களில் பாலித்தீன் பையைக்கூடக் கிழிப்பதில்லை. அப்படியே குழிக்குள் இறக்கிவிடுகிறார்கள். வேருக்குப் போக வழியில்லாமல் பைக்குள்ளேயே சுருண்டுகொள்ளும். எங்கள் தெருக்கோடியில் ஓர் இரும்புக் கூண்டு நிற்கிறது. கொடுத்தவர் பெயர், அவர் அப்பா பெயர், கடையின் போன் நம்பர் எல்லாம் தகட்டில் பெயின்ட்கூட உதிராமல் இருக்கிறது. உள்ளே கன்று போய் இரண்டு கோடை ஆயிற்று. இப்போது பக்கத்து ஜூஸ் கடைக்காரர் கரும்புச் சக்கையைப் போட்டு வைக்கிறார்.

தமிழ்நாட்டின் வருஷ மழையில் ஏறக்குறைய பாதியைக் கொண்டுவருவது வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை. விவேக் பிறந்த நவம்பர் 19 சரியாகக் கார்த்திகை பிறந்ததும் வருகிறது. அன்று நட்ட கன்றுக்கு ஒரு மாதம் வானமே தண்ணீர் ஊற்றும். வேர் பிடித்து, தை மாதத்துப் பனியையும் குடித்து, கோடையை எதிர்கொள்ளும்போது கொஞ்சமாவது தெம்பு இருக்கும். எந்த நர்சரிக்காரரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். நம் அமைப்பாளர்கள் கேட்பதில்லை, ஏனென்றால் பேனரில் ‘நினைவு நாள்’ என்று போட்டாயிற்று.

எத்தனை நட்டோம் என்ற எண்ணைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறோம். எத்தனை நிற்கிறது என்ற எண்ணை யாரும் கேட்பதுமில்லை, எண்ணுவதுமில்லை. அந்த 33 லட்சத்துக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். விவேக்கின் கனவுக்கு மரியாதை செய்வதென்றால் ஒரு கோடி என்ற இலக்கை நோக்கி ஓடுவதற்கு முன்னால், உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், கல்லூரியில், ஏரிக்கரையில் 2021-ல் வைத்தது இன்று இருக்கிறதா என்று போய்ப் பார்க்கலாம்.

■ பெட்டிச் செய்தி: நட்டது நிற்க வேண்டுமா?

குழியை ஒரு வாரம் முன்பே எடுத்து ஆறப்போடுங்கள். இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி. மக்கிய எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்புங்கள். பாலித்தீன் பையைக் கிழித்து எடுத்துவிட்டு, வேரைச் சுற்றிய மண் உடையாமல் இறக்குங்கள். ஒரு மூங்கில் குச்சியை நட்டு, சணலால் தளர்வாகக் கட்டுங்கள்.

புங்கன், வேம்பு, பூவரசு, நாவல், இலுப்பை, மகிழம், நீர்மருது: நம் மண்ணுக்குப் பழகியவை. 2016 டிசம்பர் வர்தா புயலில் சென்னைச் சாலைகளில் வேரோடு சாய்ந்தவற்றில் அழகுக்காக வைத்த வெளிநாட்டு மரங்கள் ஏராளம்.

ஆட்டுக்கு எட்டாத வேலி முதல் ஆண்டு கட்டாயம். மழை நின்ற பிறகு வாரம் ஒரு முறையாவது தண்ணீர் வேண்டும். குறைந்தது இரண்டு கோடை தாண்டினால் மரம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

ஏப்ரலில் என்ன செய்வது?

அப்படியானால் நினைவு நாளை விட்டுவிடுவதா? வேண்டாம். பிரித்துக்கொள்ளலாம். நடுவது நவம்பர் 19-ல். ஏப்ரல் 17-ல் முந்தின கார்த்திகையில் வைத்த கன்றுகளைத் தேடிப் போவது. பட்டுப்போனதைக் குறித்துக்கொள்ள வேண்டும், சாய்ந்ததற்கு முட்டுக் கொடுக்க வேண்டும், பாத்தியைக் கொத்திவிட வேண்டும். கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கு ஒரு கிளாஸுக்கு இத்தனை கன்று என்று மூன்று வருஷத்துக்கு ஒப்படைத்து, படிப்பு முடியும்போது உயிரோடு இருக்கும் மரங்களின் எண்ணிக்கையைச் சான்றிதழில் எழுதிக் கொடுக்கலாம். நட்டதைச் சொல்லும் சான்றிதழ் ஏற்கெனவே நிறையப் பேரிடம் இருக்கிறது.

சித்திரை வெயிலில் கன்றுக்கு வேண்டியது ஒரு குடம் தண்ணீர். அதற்கு மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம், சிறப்பு விருந்தினர் வர இரண்டு மணி நேரம் தாமதமாகி ஸ்கூல் பிள்ளைகள் வெயிலில் நிற்கவும் வேண்டாம். போட்டோ எடுத்தே ஆக வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளட்டும். பத்துப் பேர் ஒரு கன்றைப் பிடிப்பதற்குப் பதில், ஆளுக்கொரு குடத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கட்டும். குடம் நிறைந்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.